திங்கள்நகர் வீட்டு ட்ரீம்காஸ்ட்: ஒரு பழுதும் ஓர் ஆட்டமும்

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கருவி. சேகா நிறுவனம் 1998 நவம்பர் 27 அன்று ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த ட்ரீம்காஸ்ட் என்னும் வீடியோ கேம் கன்சோலின் ஐரோப்பிய வகை அது. மூடியில் நீலச் சுழல் பதித்தது. திங்கள்நகரிலிருந்து குளச்சலுக்குப் போகும் சாலையோரம் உள்ள என் தாய்மாமா வீட்டில் 2001 ஜனவரியில் வந்து சேர்ந்து, 2003 ஆடி மாதத்தில் நின்று போய், ஏறத்தாழ 22 ஆண்டுகள் மச்சில் கிடந்து, 2025 மே மாதம் என் மேசைக்கு வந்தது. மின்னணுக் கருவிகளைப் பழுது பார்ப்பது எனக்குத் தொழில். ஆயினும் இந்தக் கருவியைப் பொறுத்தவரை நான் நடுநிலையானவன் அல்லன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். பன்னிரண்டு வயதில் அதன் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து பள்ளி விடுமுறைகளைத் தொலைத்தவர்களில் நானும் ஒருவன்.

கருவி வந்த வழி

மாமா அப்போது துபாயில் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கி, நைலான் கயிறு கட்டிய அட்டைப்பெட்டிகளோடு வாடகைக் காரில் வந்தவர், கோடாலித் தைலத்தையும் பால்பொடி டின்களையும் எடுத்து வைத்த பிறகு, கடைசியாக இதை வெளியே எடுத்தார். அதுவரை எங்களுக்கு வீடியோ கேம் என்றால் கேசட்டைச் செருகி ஆடுவது. ஒரே கேசட்டில் 9999 ஆட்டம் என்று அட்டையில் அச்சிட்டிருக்கும், எண்ணிப் பார்த்தால் ஏழோ எட்டோதான் வெவ்வேறு ஆட்டமாக இருக்கும். “கேசட் எங்க மாமா?” என்று கேட்டதற்கு, “கேசட்டு கெடையாதுலே, இது சி.டி. போட்டு ஆடுறது” என்றார். சி.டி. என்றதும் பாட்டு கேட்கும் பெட்டி என்று பாட்டா (எங்கள் தாத்தா) முடிவு செய்துகொண்டார். கடைசிவரை அந்த முடிவிலிருந்து அவர் மாறவில்லை.

அதனோடு வந்த வயரின் முனையில் துபாய் வீடுகளுக்குரிய சதுர முள் பிளக் இருந்தது. கருவியின் பின்னால் செருகும் முனையோ டேப்ரிக்கார்டருக்குப் போடும் எட்டு வடிவ முனை. எனவே பழைய டேப்ரிக்கார்டர் வயரைப் பிடுங்கிச் செருகினோம், ஓடியது. ஐரோப்பிய வகையாக இருந்ததால் பிழைத்தது. 100 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட ஜப்பான் வகையாக இருந்திருந்தால் நம் ஊர் 230 வோல்ட்டில் அன்றே புகைந்திருக்கும். இந்த ஆய்வும் இருந்திருக்காது. தொலைக்காட்சியில் மஞ்சளும் வெள்ளையுமாக இரண்டு துளைகளே இருந்தன. சிவப்பு முனையைச் செருக இடமில்லாமல் தொங்கவிட்டோம். அதன் விளைவு என்னவென்பது எனக்கு மிகப் பின்னால்தான் தெரிந்தது.

கருவி எங்கள் வீட்டுக்கு வந்த அதே மாதம் 31ஆம் தேதி, ட்ரீம்காஸ்ட் உற்பத்தியை நிறுத்தப்போவதாக சேகா அறிவித்தது. 2000 மார்ச்சில் ஜப்பானில் வெளியான பிளேஸ்டேஷன் 2, டி.வி.டி. படமும் காட்டும் பெட்டியாக இருந்தது. பலர் அதற்காகக் காத்திருந்தார்கள். சேகாவோ பல ஆண்டு நட்டத்தில் இருந்தது. சுமார் 91 லட்சம் கருவிகள் விற்றதோடு ட்ரீம்காஸ்டின் கதை முடிந்தது. இவற்றில் ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. எங்களைப் பொறுத்தவரை உலகிலேயே புதிய கருவி எங்கள் மாமா வீட்டில் இருந்தது.

ஆட்டம்

பெட்டியோடு வந்த ஆட்டத் தட்டுகள் மூன்று. ஒன்று கார் பந்தயம், ஒன்று கால்பந்து. இரண்டும் சில வாரங்களில் சலித்தன. மூன்றாவது ‘ஜெட் செட் ரேடியோ’. சேகாவின் ஸ்மைல்பிட் என்னும் பிரிவு உருவாக்கி, 2000 ஜூனில் ஜப்பானிலும் அதே ஆண்டு நவம்பரில் ஐரோப்பாவிலும் வெளிவந்த ஆட்டம். இயக்கியவர் மசயோஷி கிகுச்சி. கலை இயக்கம் ரியூட்டா உவேடா. இசையில் பெரும்பங்கு ஹிதேகி நாகனுமாவுடையது.

கதை எளியது. டோக்கியோ-டோ என்னும் கற்பனை நகரில் சக்கரக் காலணி அணிந்த இளைஞர் கும்பல்கள் சுவர்களுக்காகச் சண்டையிடுகின்றன. ஸ்ப்ரே டப்பாவால் எதிர்க் கும்பலின் எழுத்தை மறைத்து நம் எழுத்தை இடவேண்டும். எழுதத் தொடங்கினால் போலீஸ் வரும். முதலில் லத்தியோடு, பிறகு கைத்துப்பாக்கியை உயர்த்திய ஒனிஷிமா என்னும் அதிகாரி, அதன் பிறகு ஹெலிகாப்டர் என்று கூடிக்கொண்டே போகும். ஒரு சுவருக்கு இவ்வளவு படையா என்று வெளியூர்க்காரர்கள் வியந்திருக்கலாம்; எங்களுக்கு வியப்பில்லை. 2001 மே மாதம் சட்டமன்றத் தேர்தல். சாலையோரச் சுவர்களில் சுண்ணாம்பு அடித்து, கட்சிப் பெயரும் ஆண்டும் எழுதி முன்கூட்டியே இடம் பிடித்து வைப்பதும், இரவோடு இரவாக மற்றவர் அதன்மேல் வெள்ளையடிப்பதும், காலையில் அதற்காகச் சந்தியில் நின்று ஏசிக்கொள்வதும் நாங்கள் நாள்தோறும் கண்டவை. ஆட்டத்தின் விதிகளை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஆட்டத்தின் நெருக்கடி எழுதும் முறையில் இருந்தது. சிறிய சுவரென்றால் ஒரே அழுத்தில் முடியும். பெரிய சுவரென்றால் திரையில் தோன்றும் அம்புக்குறிக்கேற்ப, கையில் பிடிக்கும் கன்ட்ரோலரின் குமிழைச் சுழற்ற வேண்டும். இடமிருந்து வலம், கீழிருந்து மேல், ஒரு முழு வட்டம் என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்கும். சுழற்றிக்கொண்டிருக்கும்போதே பின்னால் போலீஸ் பாய்ந்துவிடும். வலப்பக்கம் அத்தான் உட்கார்ந்து, “லே மக்கா, நீல டப்பா கெடக்கு, எடுலே” என்று கத்துவார். மஞ்சள் டப்பா எடுத்தால் ஒன்று, நீலம் எடுத்தால் ஐந்து. கைப்பிடிக் கம்பிகளிலும் மின்கம்பிகளிலும் காலணியோடு ஏறிச் சறுக்குவதற்கு நாங்கள் வைத்த பெயர் ‘கம்பி பிடித்தல்’. அந்த ஆண்டு வீட்டுப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் அதை முயன்று பார்த்த இளைய மச்சானுக்கு முழங்காலில் நான்கு தையல் போடப்பட்டது.

குறை இல்லாமலும் இல்லை. காட்சியைத் திருப்பும் பொத்தானும் வண்ணம் அடிக்கும் பொத்தானும் ஒன்றே. சுவரின் அருகில் நின்று திரும்பிப் பார்க்க நினைத்தால் கை தானாக எழுதத் தொடங்கிவிடும். எத்தனை முறை தோற்றோம் என்பதற்குக் கணக்கில்லை, அவற்றில் பாதிக்கு இந்தப் பொத்தானே பொறுப்பு. 2012இல் வேறு கருவிகளுக்கு மறுவெளியீடு செய்தபோது காட்சியைத் திருப்பத் தனிக் குமிழ் தந்தார்கள். எங்களுக்கு அது காலம் கடந்த நீதி.

தோற்றத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், இந்த ஆய்வின் பிற்பகுதி அதைச் சார்ந்திருக்கிறது. அக்காலத்து முப்பரிமாண ஆட்டங்கள் உண்மையான தோலையும் துணியையும் போலக் காட்ட முயன்றுகொண்டிருந்தன. இந்த ஆட்டமோ எதிர்த்திசையில் போனது. செல் ஷேடிங் என்று இன்று பரவலாக அறியப்படும் முறையை முழு அளவில் கையாண்ட முதல் ஆட்டங்களில் இது ஒன்று. ஒரு பொருளின் மீது விழும் ஒளியைப் படிப்படியாக மங்கச் செய்யாமல், ஒளி, நிழல் என்று இரண்டே நிறமாக வெட்டிவிடுவதும், உருவத்தின் விளிம்பைச் சுற்றிக் கரிய கோடு வரைவதும் இதன் அடிப்படை. வார இதழில் வரும் கேலிச்சித்திரம் எழுந்து ஓடுவது போல இருக்கும். ஆட்டத்து நகரின் பகுதிகளில் ஷிபுயா-சோ எப்போதும் பட்டப்பகல், பென்டென்-சோ எப்போதும் இரவு, கோகானே-சோ எப்போதும் அந்தி. துறைமுகத்தையும் தகரக் கூரைகளையும் கொண்ட கோகானே-சோவின் ஆரஞ்சு வெளிச்சம், குளச்சல் துறையில் வள்ளங்கள் கரையேறும் நேரத்து வெளிச்சத்தை ஒத்திருந்தது என்று அன்று எங்களுக்குத் தோன்றியது. இன்றும் எனக்கு அப்படித்தான் தோன்றுகிறது.

ஆட்டத்திற்குள்ளேயே நமக்கான சுவரெழுத்தை வரைந்துகொள்ள ஒரு பகுதி இருந்தது. அத்தானும் நானும் மூன்று நாள் உட்கார்ந்து ஒரு வள்ளத்தை வரைந்தோம். அதன் முன்முனையில் ஒரு கண். வள்ளத்தின் கீழே ‘குமரி’ என்று எழுத முயன்று, ‘ம’வும் ‘ரி’யும் இடிக்க, ‘கு’வோடு நிறுத்திக்கொண்டோம். டோக்கியோ-டோவின் சுவர்களெங்கும் அந்த வள்ளமும் ‘கு’வும் ஏறின.

பழுது

2003 ஆடிக் காற்றில் தொல்லை தொடங்கியது. ஆடிக்கொண்டிருக்கும்போதே திரை கறுத்து, கருவி தானாக முதலிலிருந்து எழும்பும். ஒரு பந்து துள்ளித் துள்ளிச் சென்று சுழலை வரைய, ரியூச்சி சகமோட்டோ அமைத்த அந்தச் சிறிய தொடக்க இசை ஒலிக்கும். இனிய இசைதான். ஆனால் நாற்பது நிமிடம் ஆடிச் சேமிக்காத நிலையில் அதைக் கேட்பவனுக்கு வயிற்றைப் பிசையும்.

தொடக்கத்தில் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, பிறகு இருபது நிமிடத்துக்கு ஒருமுறை, கடைசியில் சுழல் வரைந்து முடியும் முன்பே மறுபடி. இதற்கிடையில் அத்தான் ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். மூடியின் ஒரு மூலையில் இரண்டு விரலால் அழுத்திப் பிடித்தால் கருவி நிற்காமல் ஓடியது. எனவே ஒருவர் ஆட, மற்றவர் அழுத்திப் பிடிக்க, முறை வைத்து ஆடினோம். பின்னர் அதன்மேல் பாட்டாவின் வெற்றிலை இடிக்கும் உரலை வைத்துப் பார்த்தோம்; சில நாள் அதுவும் பலித்தது. பழுதை அறிவதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. அந்தச் சான்றின் பொருள் எங்களுக்குப் புரியவில்லை.

நாகர்கோவிலில் ஒரு பழுதுபார்க்கும் கடைக்கு மாமி எடுத்துச் சென்றார். மூடியின் மூலையை அழுத்தினால் ஓடுகிறது என்று நான் சொன்னதை அங்கே யாரும் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து, “போர்டு போச்சு அக்கா, இந்தச் சவத்துக்கு சாமான் கெடைக்காது” என்ற பதிலோடு திருப்பித் தந்தார்கள். கருவியைத் திறந்ததற்கான அடையாளமே இல்லை என்பதை 22 ஆண்டுகள் கழித்துத்தான் கண்டேன். அந்தக் கடைக்காரரைக் குறை சொல்லி எழுத எனக்கு மனமில்லை, தொலைக்காட்சியும் வி.சி.டி. பிளேயரும் நாள் ஒன்றுக்குப் பத்து வரும் மேசையில், சுற்றுவட்டாரத்தில் இன்னொன்று இல்லாத ஒரு பெட்டியை வைத்து அவர் யாரிடம் போய்க் கேட்டிருப்பார்?

திறந்து பார்த்தபோது

கருவியை ஒரு ஜவுளிக்கடைப் பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சிட்டு வைத்திருந்தார்கள். ஈரத்திலிருந்து காக்கச் செய்த ஏற்பாடு அது. உள்ளே அகப்பட்ட ஈரத்தை வெளியேறவிடாமல் காத்தது. மேலோடு மஞ்சள் பூத்திருந்தது. தட்டுகளில் பூஞ்சை வரிவரியாகப் படர்ந்திருந்தது. மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடைத்ததில் போய்விட்டது.

அடிப்பக்கம் தெரியும் திருகாணிகள் மூன்று. நான்காவது, மோடம் பெட்டியைக் கழற்றினால்தான் தெரியும். இதை அறியாதவர்கள் மூடியை நெம்பி உடைத்துவிடுவார்கள். எங்கள் கருவியில் நெம்பிய தடமும் இல்லை, மோடத்தின் அடியில் இருந்த திருகாணியின் தலையில் கீறலும் இல்லை. மேலோட்டைத் தூக்கியதும் மின்வழங்கிப் பலகை தனியாகத் தெரிந்தது. அதை முதன்மைப் பலகையோடு இணைப்பவை வரிசையாக நிற்கும் ஆறு பின்கள். வயரோ ஈயப்பற்றோ இல்லை, மேலிருந்து செருகியதுதான். 12, 5, 3.3 வோல்ட்டுகள் இந்தப் பின்கள் வழியாகவே கீழே இறங்குகின்றன. 3.3 வோல்ட் வரவேண்டிய இடத்தில் மல்ட்டிமீட்டரை வைத்தபோது எண் நிலைகொள்ளாமல் ஆடியது. மின்வழங்கியை விரலால் லேசாக அழுத்தினேன், எண் நின்றது. அத்தானின் இரண்டு விரலும் பாட்டாவின் உரலும் செய்த வேலை இதுதான்.

மின்வழங்கியை மேல்நோக்கி இழுத்து எடுத்துப் பார்த்ததில் ஆறு பின்களும் பளபளப்பிழந்து, சாம்பல் நிறப் படலம் பூத்திருந்தன. கடற்காற்றின் உப்பும் இரு பருவமழை வாங்கும் மாவட்டத்தின் ஈரமும் சேர்ந்தால் வீட்டுச் சன்னல் கம்பியே எப்படி ஆகிறது என்பது இங்குள்ளவர்களுக்குத் தெரியும். படலம் தடிக்கத் தடிக்க அந்த இடத்தில் மின்தடை கூடும். கருவி சூடேறி அதிக மின்னோட்டத்தை இழுக்கும்போது வோல்ட் இறங்கும். தேவையான அளவுக்குக் கீழே போன நொடியில் கருவி தன்னை முதலிலிருந்து தொடங்கிக்கொள்ளும். மொபைல் கடைகளில் பலகை கழுவப் பயன்படுத்தும் ஐ.பி.ஏ. (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) திரவத்தைப் பழைய டூத்பிரஷில் தொட்டுத் தேய்த்து, உலரவிட்டு, மின்வழங்கியை நான்கைந்து முறை செருகி எடுத்தேன். செலவு, பாட்டிலில் கால் மூடி. ஒன்றை மட்டும் இங்கே சொல்லிவைக்க வேண்டும்: மின்வழங்கிப் பலகையிலுள்ள பெரிய கெப்பாசிட்டரில் (மின்தேக்கியில்) 230 வோல்ட் நேர்த்திசை மின்னாக மாறி 325 வோல்ட் அளவுக்குத் தங்கும், பிளக்கைப் பிடுங்கிய உடனே விரல் வைப்பது ஆபத்து.

இரண்டாவது பழுது சிறியது. நேரத்தைக் காக்கும் மின்கலம் செத்திருந்தது. பலகையோடு பற்றவைத்த, மறுமின்னேற்றம் ஏற்கும் எம்.எல்.2032 வகை அது. கடிகாரக் கடையில் கிடைக்கும் சாதாரண சி.ஆர்.2032 அளவில் ஒன்றாக இருந்தாலும் அப்படியே போடக்கூடாது. மின்னேற்றம் ஏற்காத கலத்துக்குள் கருவி மின்னைச் செலுத்திக்கொண்டே இருக்கும். சரியான வகையைத் தருவித்து, அடுத்த முறை எளிதாக மாற்ற ஒரு தாங்கியும் வைத்தேன்.

கண்டதும் கருதியதும்

கலம் செத்த ட்ரீம்காஸ்ட் விழித்தெழும்போது தேதி 1998 நவம்பர் 27 என்று காட்டும். அது முதன்முதலாக விற்பனைக்கு வந்த நாள். இந்தச் சிறு செய்தி, கன்ட்ரோலரில் செருகும் வி.எம்.யு. என்னும் நினைவு அட்டையைப் பார்த்தபோது பயன்பட்டது. கட்டைவிரல் அளவுத் திரையும் 128 கிலோபைட் நினைவகமும் கொண்ட அந்த அட்டையின் பட்டன் செல்கள் இரண்டும் 2001லேயே தீர்ந்தவை. அதனால் கருவியைப் போடும்போதெல்லாம் வீடே கேட்க ‘பீ...ப்’ என்று கத்தும், பாட்டா அதையும் பாட்டின் தொடக்கம் என்றே கருதினார். செல் தீர்ந்தாலும் சேமித்தவை அழிவதில்லை. கோப்புகள் அப்படியே இருந்தன. அவற்றில் சிலவற்றின் தேதி 1998 நவம்பர் 27, அதாவது ஜெட் செட் ரேடியோ வெளிவருவதற்கு ஒன்றரை ஆண்டு முன்பு. பரீட்சை முடியும்வரை கருவியை மாமி பிளக்கிலிருந்து பிடுங்கி அலமாரியில் பூட்டிவிடுவார். அந்த வாரங்களில் கலம் வடிந்துவிடும். விடுமுறையின் முதல் நாள் தேதி கேட்கும் திரையைப் பொறுமையின்றிக் கடந்து போயிருக்கிறோம். ஒவ்வொரு பொய்த் தேதியும் ஒரு பரீட்சை முடிந்ததன் உண்மையான பதிவு.

ஆட்டத்தை இப்போதைய எல்.இ.டி. தொலைக்காட்சியில் ஓட்டியபோது இரண்டு கண்டேன். முதலாவது, உடன் வந்த கார் பந்தயமும் கால்பந்தும் பெரிய திரையில் கலங்கிப் போயின. முகங்கள் களிமண்ணாகத் தெரிந்தன. ஜெட் செட் ரேடியோவில் விளிம்புக் கோடு சற்றுச் சிதறியதேயன்றி உருவம் கெடவில்லை. உண்மையைப் போலச் செய்ய முயன்ற ஆட்டம், அதைவிட உண்மையாகச் செய்யும் கருவி வந்ததும் பழசாகிவிடுகிறது. வரைந்த கோட்டுக்கு அந்தப் போட்டி இல்லை. 16 மெகாபைட் முதன்மை நினைவகமும் 200 மெகாஹெர்ட்ஸ் செயலியும் உள்ள பெட்டியிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக்கூடாது என்று உவேடாவின் குழு அறிந்திருந்தது என்றே நான் இதைப் படிக்கிறேன்.

இரண்டாவது, இசை. சிவப்பு முனையைச் செருகாமல் இரண்டரை ஆண்டு ஆடியதால் நாங்கள் கேட்டது இடப்பக்க ஒலி மட்டும். மனப்பாடமாக இருந்த பாடல்களில் நான் ஒருநாளும் கேட்டிராத கிதாரும் கைத்தட்டும் குரலும் வலப்பக்கத்திலிருந்து வந்தன. நாகனுமா குரல்களைத் துண்டு துண்டாக வெட்டி, பொருளைப் பாராமல் ஓசைக்காகக் கோப்பவர். ஆங்கிலம் அறியாத சிறுவர்களாக நாங்கள் சொற்களில் எதையும் இழக்கவில்லை. பாதி இசையை ஒரு துளை இல்லாத தொலைக்காட்சியிடம் இழந்திருந்தோம்.

பழுதின் காரணத்தைப் பொறுத்தவரை என் முடிவு இது: உப்புக்காற்று பின்களைக் கெடுத்தது, அவ்வளவே, இருபது நிமிட வேலை. 22 ஆண்டு உறக்கத்துக்குக் காரணம், மாவட்டத்தில் அந்தக் கருவி வேறெங்கும் புழங்காததால் அதன் வழக்கமான தொல்லை எதுவென்று சொல்ல ஒருவர் கூட இல்லாமற்போனது. அந்த நாட்களில் சுற்றியிருந்த நூறு வீடுகளில் இன்னும் ஐந்து ட்ரீம்காஸ்ட் இருந்திருந்தால், எந்தக் கடைக்காரரும் மூலையை அழுத்திப் பார்க்காமல் திருப்பித் தந்திருக்க மாட்டார். 2024 டிசம்பரில் இந்த ஆட்டம் டிஜிட்டல் கடைகளின் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டுவிட்ட நிலையில், பூஞ்சை துடைத்த அந்தத் தட்டு எனக்கு மேலும் வேலையுள்ள பொருளாகிவிட்டது.

இப்போதைய நிலை

பின்களைத் துடைத்த பிறகு ஐந்து மாலைகள், ஒவ்வொன்றிலும் மூன்று மணி நேரம் ஓட்டினேன். ஒருமுறையும் நிற்கவில்லை. கன்ட்ரோலரின் குமிழ் காந்தத்தின் அசைவை உணர்ந்து இயங்குவது, உள்ளே உரசித் தேயும் பாகமில்லாதது. 24 ஆண்டுக்குப் பிறகும் நடுவில் நேராக நிற்கிறது. பெரிய சுவருக்கான முழு வட்டத்தை என் கட்டைவிரல்தான் முதல் முயற்சியில் தவறவிட்டது.

ஆறாவது மாலை வி.எம்.யு.விலிருந்த வள்ளத்தைக் கோகானே-சோவின் சுவரொன்றில் எழுதிப் படம் பிடித்து, இப்போது கத்தாரில் இருக்கும் அத்தானுக்கு அனுப்பினேன். மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தது நினைவிருக்கிறதா, அந்தக் கண்ணை எவ்வளவு நன்றாகப் போட்டீர்கள் என்று எழுதியிருந்தேன். இரவுப் பணி முடிந்து விடியற்காலையில் பதில் வந்தது: “கண்ணு நீ போட்டதுலே. நான் வேண்டாம்னுதான் சொன்னேன்.” நான் இல்லை என்கிறேன், அவர் ஆம் என்கிறார். கோப்பின் தேதியைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்று எடுத்துப் பார்த்தேன். 1998 நவம்பர் 27.